தராவொரேக்கள் காராமணி தின்பதில்லை

குழந்தைகள் காய்கறி தின்ன மறுப்பதற்குக் காரணம் நாக்கு என்று உலகம் முழுவதும் நம்பப்படுகிறது. மருத்துவர்கள் நம்புகிறார்கள், தாய்மார்கள் நம்புகிறார்கள், நாக்கே அப்படி நம்பினாலும் ஆச்சரியமில்லை. இது தவறு. இதைத் திருத்தாமல் கதைக்குள் போவது வாசகர்களுக்குச் செய்யும் துரோகம். நாக்கு ஓர் அப்பாவி உறுப்பு. இனிக்கிறது, கசக்கிறது என்று மேலிடத்துக்குச் சொல்லி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடும். தின்பதா, தட்டைத் தள்ளுவதா என்று முடிவெடுப்பது குடும்பப் பெயர்.

சந்தேகப்படுபவர்கள் மாலி நாட்டுக்கு வந்து, செகு நகரத்தில் ஜொலிபா ஆற்றுக்கு இறங்கும் சாலையில் ஜூமானா தராவொரேயின் வீடு எது என்று விசாரித்து, சாப்பாட்டு நேரத்தில் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

ஜூமானா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய பழைய காரில் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக், அவருடைய காலடியில் ஒரு பிரேக். வீட்டில் அந்த மாதிரி ஓர் ஏற்பாடு இல்லையே என்பது அவருடைய நெடுநாள் குறை. வீட்டை ஓட்டுபவள் அவருடைய மனைவி சாலி ஜாரா. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்பவர்.

ஆனால் அவருக்கென்று ஓர் ஆட்சிப் பகுதி இருந்தது. அது அவருடைய வாய்.

தராவொரேக்களுக்கும் ஜாராக்களுக்கும் கேலிமுறை. மாமன் மச்சான் கேலி இதற்கு முன்னால் நிற்க முடியாது. முன்பின் தெரியாத தராவொரே ஒருவர் முன்பின் தெரியாத ஜாராவைப் பேருந்தில் பார்க்கிறார் என்று வையுங்கள். பெயர் தெரிந்த மறுகணமே, "அட, காராமணி தின்னியா நீ! தள்ளி உக்காரு, சீட்டு உடைஞ்சிடப் போகுது" என்று தொடங்கிவிடலாம். ஜாரா கோபப்படக் கூடாது. "எங்க சட்டியை நக்கி வளர்ந்த பயலுக்குப் பேச்சைப் பாரு" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். கோபப்பட்டவர் தோற்றவர். இரண்டு வீட்டாருமே காராமணி தின்கிறார்கள் என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. தின்பது வேறு, தின்னி என்று பெயர் எடுப்பது வேறு.

கல்யாணம் முடிந்து சாலி வாசலில் கால் வைத்த அன்றே ஜூமானா தெருவுக்குக் கேட்கும்படி அறிவித்தார்: "எல்லாரும் பாருங்க! ஒரு ஜாராவைக் காராமணிச் சட்டிக்குள்ளேருந்து கரையேத்திக் கொண்டாந்திருக்கேன்!"

"கரையேத்தினவரு கொஞ்சம் நகர்ந்தா நல்லது. அடுப்பு எங்கேன்னு பாக்கணும்," என்றாள் சாலி.

அன்று ஆரம்பித்தது. சாலியின் அண்ணன் பக்காரி ஜாரா ஆற்றங்கரையில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தான். வாரம் தவறாமல் ஒரு கூடை வரும். கூடையில் காராமணி இருந்தால் ஜூமானாவுக்கு அன்று திருவிழா. இல்லாவிட்டாலும் அவர் சும்மா இருப்பதில்லை. கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்து, "இது காராமணிக்குப் பெரியப்பா" என்பார். வெண்டைக்காய் காராமணியின் கொழுந்தியாள். கேரட், காராமணி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வெளியூர்ப் பெண். பப்பாளி, காராமணிகளின் நாட்டாமை. வாரா வாரம் புதுப்புது உறவு கண்டுபிடித்தார். அதை நினைத்துத் தனக்குத் தானே வியந்துகொள்ளவும் செய்தார்.

அவர் மகள் தெனின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. பெரியவர்களின் கேலி எது, தகவல் எது என்று பிரித்துத் தரும் சல்லடை அந்த வயதில் இன்னும் பொருத்தப்பட்டிருக்காது. அவள் மனதில் எல்லாம் தகவலாகவே படிந்தது. காராமணியும் அதன் சொந்தபந்தமும் ஜாராக்களின் சாப்பாடு. நான் தெனின் தராவொரே. ஆகவே எனக்குச் சோறும் கறியும் போதும்.

முதலில் காராமணி போயிற்று. பிறகு கீரை, வெண்டை, கத்தரி. கடைசியில் மாம்பழமும் போயிற்று, அந்த மாமரம் மாமாவின் தோட்டத்தில் நிற்கிறது என்ற காரணத்தினால்.

ஜூமானா இதைக் கவனிக்கவில்லை. மகள் தட்டைத் தள்ளும்போதெல்லாம், "எங்க ரத்தம்!" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ரத்தம் போதவில்லை என்று மருத்துவமனை நர்ஸ் சொன்னார். தெனினின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, உதட்டைப் பார்த்து, "ரொம்ப வெளுத்திருக்கா. காராமணி குடுங்க. கீரை, பப்பாளி, மாம்பழம், எல்லாம் குடுங்க. அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க," என்றார்.

"அது ஜாரா சாப்பாடு," என்றாள் தெனின். "நான் தராவொரே."

நர்ஸ் எதையோ தேடுவதுபோல மருந்து அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சாலி சிரிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜூமானாவுக்கு எதிரே லாரி வந்தால்கூட இவ்வளவு பயம் வந்ததில்லை.

"கேட்டீங்களா அவங்க சொன்னதை?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"கேட்டேன். சின்னப் பிள்ளை. பெரிசானா தானா தின்னுவா."

"எப்படித் தின்னுவா? காராமணிக்குப் பெரியப்பா, காராமணிக்குக் கொழுந்தியா. தோட்டத்துல ஒரு செடியை விட்டு வெச்சீங்களா நீங்க?"

"அது கேலி, சாலி. முறை. நான் கேலி பண்ணலேன்னா உங்க அண்ணனே வருத்தப்படுவான்."

"என் அண்ணன் வருத்தப்படட்டும். என் பொண்ணு வெளுத்துப் போயிட்டா. உங்க வாயாலதான் அவ வாய் மூடிச்சு. நீங்களே திறங்க."

"திறக்கறேன்."

"எப்போ?"

"திறக்கறேன்னு சொன்னேன்ல!"

"அண்ணி குழந்தை பெத்திருக்காங்க. வர்ற வாரம் பேர் வைக்கிறாங்க. அந்த விருந்துல தெனின் எல்லாரோடயும் உக்காந்து எல்லாத்தையும் தின்னணும். இல்லேன்னா திரும்பி வரும்போது நான் மட்டும்தான் வருவேன். அவ மழைக்காலம் முடியறவரைக்கும் அண்ணன் தோட்டத்துலேயே இருக்கட்டும். அங்க சோறு கம்மி, காய்தான் அதிகம். பசிச்சா தின்னுவா."

ஜூமானா திடுக்கிட்டார். தினமும் மாலையில் பாடம் முடிந்ததும் தெனினைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து ஆற்றங்கரை வரை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவர் வழக்கம். வழியில் ஆடு தெரிந்தால் "அப்பா, பிரேக்!" என்று அவள் கத்துவாள். ஆடு தெரியாவிட்டாலும் கத்துவாள். அந்தக் குரல் இல்லாத ஒரு மழைக்காலத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் இன்னொரு பயம். ஒரு தராவொரேயின் மகள் ஜாராத் தோட்டத்தில் காராமணிப் பாத்திக்கு நடுவே வளர்வதா? ஊர் என்ன சொல்லும்?

"விருந்தன்னிக்குப் பாரு," என்றார். "தட்டையும் சேத்துத் தின்னுவா."

"தட்டு வேண்டாம். அதுல இருக்கிறதைத் தின்னாப் போதும்."

ஜூமானா முதலில் வஞ்சக வழியில் போனார். வெந்த காராமணியை மையாக மசித்து, சோற்று உருண்டைக்குள் ஒளித்துவைத்து, மேலே கறித்துண்டை மூடிபோல வைத்தார். தெனின் கறியைத் தின்றாள். உருண்டையை இரண்டாகப் பிளந்தாள். உள்ளே இருந்ததை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, சோத்துக்குள்ள ஒரு ஜாரா ஒளிஞ்சிட்டிருக்கு."

அடுத்து நேர்வழி. பப்பாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தெனின், ஒரு ரகசியம். பப்பாளி உண்மையிலே நம்ம பழம். தராவொரே பழம்."

"நீங்கதானே காராமணிக்கு நாட்டாமைன்னு சொன்னீங்க?"

"அப்போ சொன்னேன். இப்போ பதவியிலேருந்து இறக்கிட்டாங்க."

"இதைக் கொண்டாந்தது யாரு?"

"மாமா."

"மாமா யாரு?"

ஜூமானா பப்பாளியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஜாரா," என்று அவளே சொல்லி முடித்து, பப்பாளியை இரண்டு கையாலும் அவர் மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தாள், தவறி உருண்டு தன் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

இனி முன்மாதிரிதான் வழி என்று ஜூமானா தீர்மானித்தார். ஒரு மரியாதைக்குரிய தராவொரே, ஊரறிந்த தராவொரே, தெனினின் கண்ணெதிரே காராமணி தின்ன வேண்டும். அப்படி ஒருவரை அவருக்குத் தெரியும். நாற்சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் போலீஸ்காரர் லாஸினே தராவொரே. அவருக்கும் ஜூமானாவுக்கும் நடுவே ஒரு ரகசியமும் உண்டு. தினமும் காலையில் நாற்சந்தி ஓரத்தில் ஒரு பெண் காராமணி வடை சுடுவாள். வெங்காயக் காரத்தோடு இருவரும் அதை வாங்கி, கார் கண்ணாடிகளை நன்றாக ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து தின்பார்கள். ஆவியில் கண்ணாடி மங்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் யாரோ கடுமையாகத் தேர்வு எழுதுவதுபோல இருக்கும்.

"கண்ணாடியை இறக்கிட்டுத் தின்னணும். அவ்வளவுதான்," என்றார் ஜூமானா. "என் பொண்ணு பாக்கணும்."

லாஸினேயின் வடை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, என் வேலை என்ன?"

"போலீஸ்."

"நான் கையைத் தூக்கினா லாரி நிக்குது. ஏன் நிக்குது? மரியாதை. இந்தக் கையில வடையோட ஒரு தடவை என்னைப் பாத்துட்டான்னா அப்புறம் கழுதைவண்டி நிக்குமா?"

"சின்னப் பிள்ளை லாஸினே. யார்கிட்ட சொல்லப் போறா?"

"சின்னப் பிள்ளைதான் சொல்லும். நீயும் நானும் சொல்லுவோமா?"

இருவரும் கண்ணாடியைச் சரிபார்த்துக்கொண்டு மிச்ச வடையைத் தின்று முடித்தார்கள்.

விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஜூமானாவுக்கு அந்த யோசனை வந்தது. எப்படிப்பட்ட யோசனை என்றால், ஓட்டிக்கொண்டிருந்த மாணவனை மறந்து, தன் காலடிப் பிரேக்கைத் தானே மிதித்து, நடுச்சாலையில் காரை நிறுத்திவிட்டார்.

பாடினி!

தராவொரேக்களின் பெருமையைப் பாடுவதற்கென்றே பிறந்தது ஜபாத்தே குலம். தராவொரே குலத்தில் யார் யார், எந்தப் போரில் யார் வில்லை வளைத்தார், யார் மகளை யார் கட்டினார் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. பாடினி பாடிவிட்டால் அது நடந்தது, பாடாவிட்டால் நடக்கவில்லை. செகுவில் இந்த வேலைக்கு வாசா ஜபாத்தேதான். அகன்ற உடம்பு, அதைவிட அகன்ற குரல். பெயர் வைக்கும் விருந்துக்கு அவர் எப்படியும் வருவார்.

ஜூமானா வெற்றிலை பாக்குபோல மரியாதைக்கு வைக்கிற கோலாக் கொட்டைகளோடு அவர் வீட்டுக்குப் போனார்.

"தராவொரே! தராவொரே!" என்று வாசா பாயிலிருந்தே முழங்கினார். ஜூமானாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. "வில்லெடுத்த தராவொரே! பின்வாங்காத தராவொரே! என்னப்பா வேணும்?"

ஜூமானா சொன்னார். நம் முன்னோர் காய்கறி தின்றுதான் வீரர்களானார்கள் என்று, பழங்களையும் சேர்த்து, ஒரு பாட்டு. குழந்தை காதில் விழ வேண்டும். விருந்தில், ஜாராக்களின் முற்றத்திலேயே.

வாசா கோலாக் கொட்டையை மென்றபடி யோசித்தார். "வெண்டைக்காய் பாடலாம். அந்தக் காலத்துலேயே இருந்தது. கத்தரிக்காயும் நம்மூருதுதான். தாராளமாப் பாடலாம்."

"பப்பாளி?"

"அது கடல் தாண்டி வந்ததாச்சே தம்பி. உன் முப்பாட்டன் பப்பாளியைக் கனவுல கூடப் பாத்திருக்க மாட்டாரு."

"கொஞ்சம் முன்னாடி வந்ததா வெச்சுக்கக் கூடாதா, பாடினியம்மா?"

"எவ்வளவு முன்னாடி?"

"ஒரு சில நூறு வருஷம்."

"சரி. அந்த அடியில மேளத்தைப் பலமாத் தட்டச் சொல்லிடறேன். கேரட்?"

"அதையும்."

"கேரட்டைக் கடைசியிலே வெக்கிறேன். அதுக்குள்ள எல்லாரும் ஆட ஆரம்பிச்சிருப்பாங்க, யாரும் வரலாறு கேக்க மாட்டாங்க. காராமணி?"

"வேண்டாம்."

"காராமணியும் ரொம்பப் பழசு தம்பி. வெண்டைக்காயோட வயசு. பாட நாக்கு கூசாது."

"காராமணி மட்டும் வேண்டாம்," என்றார் ஜூமானா உறுதியாக. "அது ஜாராக்களோடதாவே இருக்கட்டும். மத்ததைத் தின்னா அவளுக்குப் போதும்."

கூலி பேசினார்கள். வாசாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள நெடுநாள் ஆசை. பாட்டு நன்றாக அமைந்தால், உரிமம் வாங்கும் வரை இலவசமாகக் கற்றுக்கொடுப்பதாக ஜூமானா வாக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அடித்தளம் போட்டார்.

"தெனின், பாடினி யாரு தெரியுமா?"

"பாட்டுப் பாடுறவங்க."

"உண்மையைப் பாடுறவங்க. நம்ம குடும்பத்தைப் பத்தி அவங்க பொய்யே சொல்ல மாட்டாங்க. அவங்க பாடினதை இல்லேன்னு சொல்ற தராவொரே, தராவொரேயே இல்லை."

"நீங்க சொன்னாக் கூடவா?"

"நான் சொல்லவே மாட்டேன்!"

சாலி பின்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுகிற சத்தம் சற்று நேரம் நின்று, பிறகு தொடர்ந்தது. ஜூமானா அதைக் கவனித்திருக்கலாம். கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

விருந்தன்று பக்காரியின் முற்றம் நிறைந்திருந்தது. காலையிலேயே குழந்தையின் காதில் பெயரைச் சொல்லியாகிவிட்டது. சாலி விடியும் முன்பே போய்ச் சமையலில் இறங்கியிருந்தாள். ஜூமானா நன்றாகக் கஞ்சி போட்ட நீல அங்கி உடுத்தி, தெனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வந்துட்டாருய்யா, எங்க சட்டி கழுவுறவரு!" என்று வரவேற்றான் பக்காரி.

"காராமணி வாசம் தெரு முனையிலேயே அடிச்சது. வழி கேக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு," என்றார் ஜூமானா.

தராவொரே விருந்தாளி வந்தால் காராமணிச் சட்டியை அவர் முன்னால் வைப்பது அந்த வீட்டு மரியாதை. பக்காரி வைத்தான். அதைக் கையால் தொடாமல் இடது பக்கம் நகர்த்துவது ஜூமானாவின் மரியாதை. முழங்காலால் நகர்த்தினார். சட்டியைச் சுற்றி வெண்டைக்காய்க் குழம்பு, கத்தரிக்காய், கேரட், கீற்றுப் போட்ட பப்பாளி, சோறு. தெனின் சோற்றை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மேளம் ஒலித்தது. வாசா ஜபாத்தே சமையல்கட்டுப் பக்கமிருந்து, வாயைத் துடைத்துக்கொண்டே, நடந்து வந்தார்.

ஜூமானா அதையும் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? பாடினியும் மனுஷிதானே, பசிக்காதா?

"தராவொரே! தராவொரே! வில்லெடுத்த தராவொரே!" என்று தொடங்கினார் வாசா. முற்றம் அடங்கியது. தெனின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

*"வெண்டைக்காய் தின்னாரு, வேகமா ஓடினாரு;*
*கத்தரிக்காய் தின்னாரு, கவணை எடுத்தாரு;"*

தெனினின் கை மெல்ல வெண்டைக்காய் வரை போய் அதைத் தொட்டுப் பார்த்தது. ஜூமானா கூட்டத்தைத் தாண்டிச் சாலியைத் தேடினார். அடுப்படி வாசலில் அவள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். 'பாத்தியா?' என்று ஒரு புருவத்தைத் தூக்கினார். அவள் தலையாட்டினாள், பணிவாக. அந்தப் பணிவு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

பப்பாளி வந்தது. மேளம் பலமாக முழங்கியது. கேரட் வந்தது. கூட்டம் ஆடத் தொடங்கியது. பாட்டு முடிந்தது என்று ஜூமானா கைதட்டப் போனார். வாசா கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்.

"இம்புட்டும் தின்னாரு தராவொரே," என்றார் பேச்சுக் குரலில். "ஆனா இதையெல்லாம் தின்னுறதுக்கு முன்னாடி, மொத மொதல்ல அவரு என்ன தின்னாரு? யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. ஜூமானாவுக்கு மட்டும் திடீரென்று தெரிந்துவிட்டது. அவருடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

*"போர் முடிஞ்சு வந்தாரு, பொழுதோட வந்தாரு,*
*பசிச்ச வயித்தோட படியேறி வந்தாரு;*
*ஜாரா வீட்டு வாசலிலே சட்டியைப் பாத்தாரு,*
*'என்னம்மா வேகுது?'ன்னு எட்டித்தான் பாத்தாரு!*
*காராமணி! காராமணி! கையேந்தி நின்னாரு;*
*ஒரு வாய் தின்னாரு, உசிரு வந்துச்சு;*
*மறு வாய் தின்னாரு, மானம் போயிருச்சு;*
*மூணாம் வாய் தின்னாரு, மானம் எதுக்குன்னாரு!"*

முற்றம் வெடித்தது. பக்காரி தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பெண்கள் கடைசி அடியைத் தாங்களே பாடினார்கள். ஜூமானா எழப் பார்த்தார், எழுந்தால் கோபம் என்று ஆகிவிடும், கோபப்பட்டவர் தோற்றவர். ஆகவே பாதி எழுந்த நிலையில், கால் மரத்துப்போனவர்போல் நடித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

அவருடைய அங்கியை யாரோ இழுத்தார்கள்.

"அப்பா, நம்ம முப்பாட்டன் காராமணி தின்னாராமே?"

"அது வந்து..."

"பாடினி பொய் சொல்ல மாட்டாங்கதானே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். ஜூமானா மகளைப் பார்த்தார். ஒரு கையில் வெண்டைக்காயைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னும் கடிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். உதடு நர்ஸ் சொன்னதுபோல வெளுத்துத்தான் இருந்தது. அதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது. பாடினி பொய் சொல்கிறார் என்றால் வெண்டைக்காயும் பொய், பப்பாளியும் பொய். ஒரு மழைக்காலம் முழுக்கப் பின்சீட்டு காலி. பாடினி சொன்னது உண்மை என்றால், ஜாரா முற்றத்தில், ஊர் முன்னால்...

"மாட்டாங்க," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க தராவொரே, பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்!" என்றான் பக்காரி.

"பாடினி பொய் சொல்ல மாட்டாங்க!"

"அப்போ நீங்க மொதல்ல," என்றாள் தெனின், காராமணிச் சட்டியை இரண்டு கையாலும் அவர் முன்னால் இழுத்து. "முப்பாட்டன் மாதிரி. அப்புறம் நான்."

ஜூமானா ஒரு வாய் தின்றார். கண்ணாடி ஏற்றாமல், திறந்த வெளியில், நண்பகல் வெயிலில். மறு வாயும் தின்றார். மூன்றாம் வாய்க்குக் கூட்டமே சேர்ந்து பாடியது. அதற்குள் தெனின் சட்டிக்குள் கைவிட்டிருந்தாள். காராமணி, வெண்டைக்காய், பப்பாளி என்று அவள் வரிசை எதுவும் பார்க்கவில்லை. பாட்டில் வந்தது எல்லாம் அவளுடையது.

அன்று மாலை வீடு திரும்பும்போது தெனின் பின்சீட்டில் வயிறு நிறையத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜூமானா காரை மெதுவாக ஓட்டினார்.

"பாடினிக்கு என்ன குடுத்தே?"

"சாப்பாடு," என்றாள் சாலி.

"நான் கார் ஓட்டவே கத்துக்குடுக்கறேன்னு சொல்லியிருந்தேன்!"

"அது வருஷக் கணக்குல நடக்கிற காரியம். அவங்களுக்குக் காலையிலேயே பசிச்சுது."

"என்ன சாப்பாடு?"

"காராமணி வடை. வெங்காயக் காரத்தோட. உங்களுக்குத்தான் அந்த ருசி தெரியுமே."

ஜூமானா சாலையை மட்டும் பார்த்தார்.

"சீட்டுல எண்ணெய்க்கறை இருக்கு," என்றாள் சாலி. "கல்யாணமான வருஷத்துலேருந்து இருக்கு. நான்தானே துடைக்கறேன்."

"பாட்டு முழுக்க நீ சொல்லிக் குடுத்ததா?"

"ஐயோ, எனக்கு ஏது அந்தத் திறமை! பாட்டு அவங்களோடது. நான் உப்பு மட்டும் போட்டேன்."

அடுத்த மாதம் நர்ஸ் தெனினின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, தேவலை என்றார். பக்காரியின் கூடை இப்போது வாரத்துக்கு ஒன்று போதவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தெனின் சட்டியை முதலில் அப்பா பக்கம் தள்ளுவாள். முப்பாட்டன் முறை அது. அவர் ஒரு வாய் தின்றால்தான் அவள் தொடுவாள். ஜூமானா ஒரு வாயோடு நிறுத்துவதில்லை என்பது சாலியின் பார்வைக்குத் தப்பவில்லை.

வாக்குக் கொடுத்தபடி வாசா ஜபாத்தே தினமும் காலையில் கார் ஓட்டப் பழகுகிறார். ஓட்டும்போது பாடினால்தான் கைக்குப் பதற்றம் வராது என்கிறார். கண்ணாடியை ஏற்றினால் குரல் தனக்கே இடிக்கிறது என்கிறார். போன வெள்ளிக்கிழமை நாற்சந்தியில் கார் திணறி நின்றபோது அவர் மூன்றாம் வாயைப் பாடிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் லாஸினே தராவொரே ஒரு கையால் லாரியை நிறுத்தியிருந்தார், இன்னொரு கையில் வடை இருந்தது. "காலை வணக்கம், ஜாரா!" என்று ஜூமானாவைக் கூப்பிட்டார்.

ஜூமானா திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.